காயமும் மௌனமும்: பி.டி. ஜேம்ஸின் தன்வரலாற்று எழுத்தும் துப்பறியும் புனைவின் அறமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் பி.டி. ஜேம்ஸ் (1920–2014) தம் வாழ்வையும் எழுத்தையும் குறித்து எழுதிய இரு நூல்களை அவருடைய நாவல்களோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மறைந்திருப்பவை அனைத்தையும் வெளிக்கொணரும் இலக்கிய வகையில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிய ஒருவர், தம் வாழ்வின் மிகக் கடுமையான பகுதியைச் சொல்ல மறுத்தது ஏன் என்பது இதன் வினா. அம்மறுப்பு, விசாரணை என்ற செயலின் விளைவுகளை நாவல்களின் வழியே அறிந்துகொண்ட எழுத்தாளரின் அறநிலைப்பாடு என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. நெடுநல்வாடையின் திணைப்பகுப்புப் பற்றிய உரைமரபு இவ்வாசிப்புக்குத் துணைநிற்கிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புனைவு, தன்வரலாறு, நாட்குறிப்பு, மௌனம், அகம், புறம், பி.டி. ஜேம்ஸ்

முன்னுரை

துப்பறியும் நாவல் வாசகரோடு செய்துகொள்ளும் உடன்பாடு எளியது. தொடக்கத்தில் மறைக்கப்பட்டது இறுதியில் வெளிப்பட வேண்டும். இடையில் துப்பறிவாளர் காணும் தடயம் எதுவும் வாசகருக்குக் காட்டப்படாமல் ஒளிக்கப்படக் கூடாது. தன்வரலாறும் ஏறத்தாழ இதற்கு நிகரான உடன்பாட்டையே முன்வைக்கிறது. எழுதுபவர், எழுதப்படுபவர், அட்டையில் பெயர் தாங்குபவர் ஆகிய மூவரும் ஒருவரே என்றும், அவர் தம்மைப் பற்றிய உண்மையைச் சொல்வார் என்றும் வாசகர் நம்புகிறார். துப்பறியும் நாவலாசிரியர் ஒருவர் தம் வாழ்வை எழுத முற்படும்போது இவ்விரு உடன்பாடுகளும் ஒருங்கே செயற்படும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸின் 'டைம் டு பி இன் எர்னஸ்ட்' அவ்வெதிர்பார்ப்பைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுகிறது.

நூலின் வடிவமே ஒரு வரம்பை விதிக்கிறது. 1997 ஆகஸ்டு 3ஆம் நாள், தம் எழுபத்தேழாம் பிறந்தநாளில் தொடங்கி, அடுத்த பிறந்தநாள் வரையிலான ஓராண்டை நாட்குறிப்பாக ஜேம்ஸ் எழுதுகிறார். இடையிடையே பழைய நினைவுகள் வருகின்றன. சாமுவேல் ஜான்சனிடமிருந்து எடுத்த தலைப்பு, இனி விளையாட்டுக்கு நேரமில்லை என்னும் முதுமையின் உணர்வைச் சுட்டுகிறது. தன்வரலாறு என்று அழைக்காமல் தன்வரலாற்றின் ஒரு துண்டு என்றே நூல் தன்னை அறிவித்துக்கொள்கிறது. நினைவில் இருப்பினும் தங்கிப் பார்க்க வலிதருபவை பல உண்டு. அவற்றை எழுத வேண்டிய தேவை இல்லை. அவை முடிந்தவை, ஏற்றுக்கொள்ளப்பட்டு மன்னிக்கப்பட வேண்டியவை என்ற பொருள்பட முன்பகுதியிலேயே அவர் கூறிவிடுகிறார். புலன்விசாரணைக்கு வந்த வாசகரை வாயிலிலேயே நிறுத்திவைக்கும் கூற்று இது.

பத்தாண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய 'டாக்கிங் அபவுட் டிடெக்டிவ் ஃபிக்ஷன்' (2009) அவருடைய எழுத்துக்கோட்பாட்டைத் தருகிறது. வாழ்வைப் பற்றிய நூல், எழுத்தைப் பற்றிய நூல் என இவ்விரண்டையும் தனித்தனியே படிக்கும்போது ஒன்று முழுமையற்ற நினைவுக்குறிப்பாகவும் மற்றது இனிய இலக்கிய அறிமுகமாகவும் மட்டுமே எஞ்சுகின்றன. நாவல்களை இடையே வைத்துப் படித்தால் இரண்டும் வேறு தோற்றம் கொள்கின்றன.

சொல்லாமலிருக்கத் தேர்ந்த வடிவம்

ஜேம்ஸின் வாழ்க்கைச் செய்திகள் பொதுவெளியில் அறியப்பட்டவை. ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து லட்லோவிலும் கேம்பிரிட்ஜிலும் வளர்ந்தார். தந்தை வருமான வரித்துறை ஊழியர். பெண்ணுக்கு உயர்கல்வி வேண்டியதில்லை என்ற எண்ணமும் பணமுடையும் சேர்ந்து பதினாறு வயதில் அவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றின. அதற்கு முன்னரே, அவருடைய பதின்பருவத்தில், தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். 1941இல் எர்னஸ்ட் கானர் பான்ட்ரி ஒயிட் என்னும் மருத்துவரை மணந்தார். ராணுவ மருத்துவப் பணிக்குச் சென்ற கணவர் போர் முடிந்து மனநோயோடு திரும்பினார். போரினால் வந்த நோய் என்று ஏற்கப்படாததால் ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. இரு பெண்குழந்தைகளையும் குடும்பத்தையும் காக்கும் பொறுப்பு ஜேம்ஸின் மேல் விழுந்தது. 1949 முதல் 1968 வரை லண்டன் மருத்துவமனை நிர்வாகத்திலும், பின்னர் 1979 வரை உள்துறை அமைச்சகத்தின் காவல்துறை, குற்றவியல் கொள்கைப் பிரிவுகளிலும் பணியாற்றினார். அலுவலகம் புறப்படுமுன் அதிகாலையில் எழுதிய முதல் நாவல் 'கவர் ஹெர் ஃபேஸ்' 1962இல் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டை நெருங்கியிருந்தது. கணவர் 1964இல் இறந்தார்.

முதல் நாவலுக்குத் துப்பறியும் வடிவத்தைத் தேர்ந்தமைக்கு ஜேம்ஸ் சொல்லும் காரணங்கள் சில உண்டு. கட்டுக்கோப்பான அமைப்பின்மீது விருப்பம். எழுதப் பழகுவதற்கு ஏற்ற பயிற்சி. இவ்வகைக்கு வாசகர் மிகுதி என்பதால் பதிப்பாளர் ஏற்கும் வாய்ப்பு. இவற்றோடு அவர் சேர்த்துச் சொல்லும் இன்னொன்றே இங்கு முதன்மையானது. போர்க்காலத்தையும் கணவரின் நோயையும் பொருளாகக் கொண்ட தன்வரலாற்று நாவலாகத் தம் முதல் நாவல் அமைவதை அவர் விரும்பவில்லை. துப்பறியும் வடிவம், ஆகவே, அவருக்கு முதலில் ஒரு தடுப்பாகவே வாய்த்தது. எல்லாவற்றையும் வெளிப்படுத்தும் இலக்கிய வகை எனப் பெயர்பெற்ற ஒன்றை, தம்மைப் பற்றி எதையும் வெளிப்படுத்தாமலிருக்கும் பொருட்டு ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்பதில் உள்ள முரண் ஆய்வாளர்களால் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

இம்முரணை விளக்க அவருடைய எழுத்துக்கோட்பாட்டு நூலிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. அரசன் இறந்தபின் துயரத்தால் அரசியும் இறந்தாள் என்பதைக் கதைப்பின்னலுக்கு இ.எம். ஃபார்ஸ்டர் தந்த எடுத்துக்காட்டாக இலக்கிய மாணவர் அறிவர். ஜேம்ஸ் அதனை நீட்டுகிறார். துயரத்தால் இறந்தாள் என்று எல்லோரும் நம்பியிருக்க, பின்னர் அரசியின் கழுத்தில் துளையிட்ட காயம் காணப்பட்டால் அது துப்பறியும் கதையாகிறது. நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட இம்மாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஃபார்ஸ்டரிடம் துயரமே இறுதி விளக்கம். ஜேம்ஸிடம் துயரம் என்பது ஒரு தவறான விளக்கம். அதற்குப் பின்னால் ஒரு காயமும் அதை ஏற்படுத்திய கையும் உள்ளன. புனைவில் துயரத்தை விலக்கிக் காயத்தைக் காட்டுவதே அவர் தொழில். நாட்குறிப்பிலோ துயரம் அடக்கமாகச் சொல்லப்படுகிறது. காயம் துணியால் மூடப்படுகிறது.

ஆவண அறையில் ஒரு கொலை

கணவர் உயிரோடிருந்த காலத்தில் வெளிவந்த இரண்டாம் நாவல் 'எ மைன்ட் டு மர்டர்' (1963). லண்டனில் உள்ள ஒரு மனநல மருத்துவ நிலையம் கதைக்களம். கொல்லப்படுபவர் அந்நிலையத்தின் நிர்வாக அலுவலரான ஒரு பெண். கொலை நிகழும் இடம் அடித்தளத்தில் உள்ள மருத்துவ ஆவண அறை. உடலைச் சுற்றி நோயாளிகளின் கோப்புகள் சிதறிக் கிடக்கின்றன.

மருத்துவமனை நிர்வாகியாகப் பணியாற்றிய பெண், மனநோயாளியின் மனைவி, மனநல நிலையத்தின் நிர்வாகியை நாவலில் கொன்றிருக்கிறார் என்று கண்டவுடன் வாழ்க்கை வரலாற்று முறைத் திறனாய்வு சுறுசுறுப்படைவது இயற்கை. ஆனால் நாவல் அவ்வகை வாசிப்புக்கு எளிதில் இடந்தருவதில்லை. கணவருக்கு நிகரான நோயாளி என்று சுட்டத்தக்க பாத்திரம் கதையின் மையத்தில் இல்லை. நோயை உள்ளிருந்து பார்க்கும் முயற்சியும் இல்லை. இருப்பது நிலையத்தின் அன்றாடம்: பதிவேடுகள், பணிநேரங்கள், யார் எப்போது எந்தக் கதவு வழியே சென்றார் என்ற கணக்கு, மருத்துவர்களுக்கும் அலுவலர்களுக்கும் இடையிலான சிறு பூசல்கள். ஒரு வீட்டைத் தலைகீழாக்கிய நோய் இங்கு நிறுவனத்தின் ஒழுங்குக்குள் வைத்துப் பார்க்கப்படுகிறது. அனுபவம் மறைந்துவிடவில்லை, அது கோப்பு, பெட்டி, சாவி, அடித்தளம் என்னும் பொருள்களின் துல்லியமாக உருமாறியிருக்கிறது. ஜேம்ஸின் நாவல்களில் அறைகளையும் பொருள்களையும் பற்றிய வருணனை மிகை என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. பிற்கால நாவல்களில் அறையின் அறைகலன் வருணனை கதையைச் சில இடங்களில் நிறுத்தியே விடுகிறது. ஆயினும் தொடக்க நாவல்களில் அவ்வருணனை ஆற்றும் பணி வேறு.

சிதறிக் கிடக்கும் கோப்புகள் என்னும் காட்சியிலும் ஒரு பொருள் உண்டு. நோயாளி மருத்துவரிடம் மட்டும் சொன்னவை அவை. கொலை நடந்தபின் காவலர் பார்வைக்கு அவை வந்துவிடுகின்றன. குற்றத்தோடு தொடர்பில்லாதவர்களின் அந்தரங்கமும் விசாரணையின் பெயரால் திறக்கப்படுகிறது. கொலை ஒருவரைக் கொல்கிறது. விசாரணை பலரின் வாழ்வைத் தொடுகிறது என்னும் இந்த எண்ணம் ஜேம்ஸின் நாவல்கள் அனைத்திலும் ஓடும் அடிநாதம். அவருடைய துப்பறிவாளர் ஆடம் டால்கிலீஷ் கவிதை எழுதுபவர். பிரசவத்தில் மனைவியையும் மகனையும் இழந்தவர். தம் துயரைப் பிறர் தொட விடாதவர். பிறர் மறைவுகளைத் திறப்பதைத் தொழிலாகக் கொண்டவர் தம் மறைவைக் காத்துக்கொள்வதில் உள்ள நெருடலை நாவலாசிரியர் அறிந்தே வைத்திருக்கிறார். மௌனம் காக்கும் இந்தத் துப்பறிவாளருக்குத் தம் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவரின் குடும்பப்பெயரை அவர் சூட்டினார்.

உண்மையை மறைக்கும் துப்பறிவாளர்

1972இல் வெளிவந்த 'அன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ வுமன்' இவ்வகையில் தலையாய சான்று. இருபத்திரண்டு வயதான கார்டீலியா கிரே, தற்கொலை செய்துகொண்ட தன் கூட்டாளி பெர்னி பிரைடிடமிருந்து ஒரு துப்பறியும் நிறுவனத்தையும் உரிமம் பெறாத ஒரு கைத்துப்பாக்கியையும் பெறுகிறாள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அறிவியலாளர் சர் ரொனால்டு காலண்டர், தூக்கில் தொங்கிக் கிடந்த தம் மகன் மார்க்கின் தற்கொலைக்குக் காரணம் கண்டறியுமாறு அவளை அமர்த்துகிறார். விசாரணையின் முடிவில் கார்டீலியா கண்டறிவது, மகனைக் கொன்றவர் தந்தையே என்பது. கொன்றதோடு நில்லாமல், மகன் இழிவான முறையில் தற்செயலாக இறந்தான் என்று உலகம் கருதும்படி உடலுக்குப் பெண்ணாடை அணிவித்து, உதட்டில் சாயமும் பூசியிருந்தார். அதைக் கண்ட மிஸ் லீமிங், முகத்தைத் துடைத்து, ஆடையை மாற்றி, தற்கொலைபோல் அமைத்தார். மார்க்கின் உண்மைத் தாய் அவரே.

பின்னர் மிஸ் லீமிங், கார்டீலியா கொண்டுவந்த துப்பாக்கியாலேயே சர் ரொனால்டைச் சுட்டுக் கொல்கிறார். துப்பறிவாளரான கார்டீலியா அக்கொலையைத் தற்கொலையாகக் காட்ட உதவுகிறாள். விசாரணை மன்றத்தில் பொய் சொல்கிறாள். இறுதியில் டால்கிலீஷின் முன் அமர்ந்து நீண்ட விசாரணையைத் தாங்குகிறாள், உண்மையைச் சொல்வதில்லை. அவரும் ஏறத்தாழ அனைத்தையும் உய்த்துணர்ந்தபின் வழக்கைத் தொடர்வதில்லை.

துப்பறியும் நாவல் என்னும் வகை குலைந்த ஒழுங்கை மீட்டுத் தருகிறது என்று ஜேம்ஸ் தம் கட்டுரைகளிலும் உரைகளிலும் பலமுறை கூறியிருக்கிறார். அக்கூற்றை அவருடைய சிறந்த நாவலே ஏற்கவில்லை. இங்கு மீளும் ஒழுங்கு சட்டத்தினுடையது அன்று. இறந்துபோன ஓர் இளைஞனின் மானம் காக்கப்படுகிறது. அதற்குக் கொடுக்கப்படும் விலை உண்மை. மூன்று முறை மாற்றியமைக்கப்படுகிறது காட்சி: கொலையாளி ஒருமுறை, தாய் ஒருமுறை, துப்பறிவாளர் ஒருமுறை. மூன்றும் பொய்களே. எனினும் அறத்தில் மூன்றும் ஒன்றல்ல என்பதை வாசகர் ஐயமின்றி உணர்கிறார். இறந்தவரின் முகத்தைத் துடைக்கும் கையும், உதட்டுச் சாயம் பூசிய கையும் செய்தவை இரண்டுமே தடயத்தை மாற்றும் குற்றங்கள். சட்டத்தின் பார்வைக்கு அவ்வேறுபாடு புலப்படாது.

வழக்கு மூடப்பட்டபின் கார்டீலியா உடைந்து அழும் இடம் நாவலின் உச்சம். அழுகை காலண்டர் குடும்பத்துக்காக அன்று, பெர்னிக்காக. காவல்துறையில் டால்கிலீஷின் கீழ் பணியாற்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டவர் பெர்னி. அதன்பின் அவர் என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதே அவள் குற்றச்சாட்டு. வாய் திறக்க வைக்க முயன்ற அதிகாரிக்கு வாக்குமூலத்துக்குப் பதிலாகக் கிடைப்பது அவரைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டு. எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதில் விசாரணை அதிகாரி தவறிவிட்டார்.

'டைம் டு பி இன் எர்னஸ்ட்' நூலின் மௌனத்தை இந்நாவலின் பின்னணியில் படிக்க வேண்டும். நோயுற்ற கணவர் வீட்டில் எவ்வாறு நடந்துகொண்டார், இறப்பு எவ்வாறு நேர்ந்தது என்பவற்றை நாட்குறிப்பு விரித்துரைப்பதில்லை. அன்புக்குரியவரின் மனநோயோடு வாழ்ந்தவர்களே அதை அறிவர் என்ற அளவில் ஜேம்ஸ் நின்றுவிடுகிறார். அதைத் தன் தலைமுறைக்குரிய ஆங்கில நடுத்தர வர்க்கத்தின் அடக்கம் என்று விளக்கிவிடலாம்; அவ்விளக்கம் தவறும் அன்று. ஆனால் அது போதாது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத இறந்தவர் ஒருவரின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறக்கும் செயலை 1972லேயே அவர் எழுதிவிட்டார்.

அறிதலின் விலை

இதற்கு மறுதலையான வாதத்தையும் ஜேம்ஸே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் பதினெட்டு வயதானபின் தம் பிறப்புப் பதிவைப் பெறும் உரிமையை வழங்கியது. 'இன்னசன்ட் பிளட்' (1980) அவ்வுரிமையிலிருந்து பிறக்கும் கதை. வசதியான வீட்டில் வளர்ந்த ஃபிலிப்பா பால்ஃப்ரே தன் பெற்றோரைத் தேடுகிறாள். தந்தை ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்தவர். தாய் மேரி டக்டன் அச்சிறுமியைக் கொன்றவர். தண்டனை முடிந்து விடுதலையாகும் தறுவாயில் இருப்பவர். அவர்களைத் தேடிக் கொலைசெய்யப்பட்ட சிறுமியின் தந்தை நார்மன் ஸ்கேஸும் கத்தியோடு வருகிறார்.

இந்நாவலில் கொலையாளி யார் என்ற வினாவே இல்லை. அறிந்துகொள்ளும் உரிமை உடையவர் அறிந்துகொண்டபின் என்ன செய்வார் என்பதே வினா. ஃபிலிப்பாவின் தேடல் நியாயமானது. சட்டமும் அவள் பக்கம். அத்தேடலே தாயின் முடிவை விரைவுபடுத்துகிறது. ஸ்கேஸ் கத்தியால் குத்தும்போது மேரி டக்டன் ஏற்கெனவே தற்கொலை செய்துகொண்டு இறந்திருக்கிறார். பழிவாங்கலும் விசாரணையும் பிணத்தின்மேல் வந்து முடிகின்றன.

மௌனத்தை நற்பண்பாக மட்டும் கொள்வதை இந்நாவல் தடுக்கிறது. ஃபிலிப்பாவை வளர்த்தவர்கள் அவளிடம் மறைத்தார்கள். அம்மறைப்பும் தீங்கே விளைத்தது. சொல்லாமை சில வேளை இரக்கம், சில வேளை ஆதிக்கம் என்பதை நாவலாசிரியர் அறிவார். நாட்குறிப்பாசிரியர் அவ்வேறுபாட்டைத் தம்மேல் செலுத்திப் பார்ப்பதில்லை என்பது அந்நூலின் உண்மையான குறை. தாய் மருத்துவமனைக்குச் சென்றதும் ஒரு மகளாகத் தம்மிடம் எவை சொல்லப்பட்டன, எவை மறைக்கப்பட்டன என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கத்தக்க வினா அது. இறந்தவர் எவரையும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லாத வினாவும்கூட.

ஜேம்ஸின் சிந்தனை அவருடைய புனைவைவிடத் தாழ்ந்து நிற்கும் இன்னோர் இடமும் சுட்டத்தக்கது. குற்றம் அன்றாடமாகிவிட்ட நகர்ப்புற வறுமைச் சூழலில் அறத்தேர்வு இராது, ஆகவே துப்பறியும் நாவலுக்கு அச்சூழல் ஏற்றதன்று என்ற பொருள்பட 1990களில் அவர் தெரிவித்த கருத்து கண்டனத்துக்கு உள்ளானது. கண்டனம் நியாயமானதே. வறுமையில் பிறந்து கொலைசெய்த மேரி டக்டனுக்கு அறத்தேர்வும் குற்றவுணர்வும் முழுமையாக வழங்கிய நாவலாசிரியர், அக்கருத்தைச் சொல்லுமுன் தம் நாவலை நினைவுகூர்ந்திருக்க வேண்டும். உள்துறை அமைச்சகத்தில் உடன்பணியாற்றிய டி.ஏ. கிரிச்லியுடன் சேர்ந்து எழுதிய 'த மால் அண்டு த பேர் ட்ரீ' (1971) நூலையும் நினைவுகூரலாம். 1811இல் லண்டன் ராட்கிளிஃப் நெடுஞ்சாலைப் பகுதியில் நடந்த கொலைகளை அது மறுஆய்வு செய்கிறது. குற்றஞ்சாட்டப்பட்ட ஜான் வில்லியம்ஸ் என்னும் கடலோடி விசாரணைக்கு முன்பே சிறையில் தூக்கில் தொங்கிக் கிடந்தான். பிணத்தை வண்டியில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுசென்று நாற்சந்தியில் புதைத்தார்கள். ஊர் அமைதியடைந்தது. அவன் குற்றவாளிதானா என்பதை ஜேம்ஸும் கிரிச்லியும் ஐயுறுகிறார்கள். மீட்கப்பட்ட ஒழுங்கு என்பது ஓர் ஏழையின் உடல்மேல் கட்டப்பட்டிருக்கக்கூடும் என்பதை இவ்வளவு தெளிவாக எழுதியவர், அதைத் தம் கோட்பாட்டு நூலுக்குள் கொண்டுவரவில்லை.

வேம்பும் பெயரும்

இவ்விடத்தில் தமிழ் உரைமரபு தரும் ஒரு கருவி பயன்படும். அகப்பாட்டில் தலைமக்கள் பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பத்துப்பாட்டுள் நெடுநல்வாடை, கணவனைப் பிரிந்து கட்டிலில் வருந்தும் அரசியையும் பாசறையில் உறங்காது உலவும் அரசனையும் பாடுகிறது. பொருளால் அது அகமே. ஆயினும் வேலின் தலையில் வேப்பமாலை கட்டியிருந்தமை பாண்டியனுக்குரிய அடையாளமாகிவிட்டதால் அது புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் கொண்டார். பெயர்கூட இல்லை, ஒரு பூமாலை போதும், அந்தரங்கம் வரலாறாகிவிடுகிறது.

உரையாசிரியரின் முடிவை ஏற்காதோர் உண்டு. எனினும் அதன் அடியில் உள்ள இலக்கிய உணர்வு கூர்மையானது. ஒரு துயரம் யாருடையது என்று தெரிந்துவிட்டால் அதைப் படிக்கும் முறையே மாறிவிடுகிறது. பெயரற்ற தலைவியின் பிரிவு படிக்கும் ஒவ்வொருவருக்கும் உரியதாகலாம். பாண்டிமாதேவியின் பிரிவு பாண்டிமாதேவிக்கே உரியது. ஜேம்ஸின் நாவல்கள் வேம்பு கட்டாத வேல்கள். மனநோயின் அருகில் வாழ்ந்த அனுபவம் அவற்றில் எங்கும் உண்டு, எவருடையதாகவும் இல்லை. தன்வரலாற்றிலோ அட்டையிலேயே பெயர் இருக்கிறது. அங்குச் சொல்லப்படும் எதுவும் கானர் ஒயிட் என்னும் ஒருவரைப் பற்றிய சான்றாக நிலைத்துவிடும்.

திறனாய்வாளர்க்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நாவலுக்குள் வேப்பமாலையைத் தேடி எடுத்து மாட்டிவிடும் ஆசை வாழ்க்கை வரலாற்று முறைத் திறனாய்வின் நிலையான சபலம். ஜேம்ஸின் நூல் தலைப்பில் ஒலிக்கும் 'எர்னஸ்ட்' கணவரின் முதற்பெயராகவும் அமைந்திருப்பதைக் கண்டு துள்ளுவோர் இருக்கலாம். அவர் கானர் என்றே அழைக்கப்பட்டவர், தலைப்போ ஜான்சனுடையது. ஒலியொப்புமை ஒன்றைத் தடயமாக்கினால் ஜேம்ஸின் நாவல்களில் வரும் மிகச் சாதாரணக் காவலர்கூட நகைப்பார்.

நாட்குறிப்பின் தேதிகள் வேறு வகையானவை. ஜேம்ஸ் பிறந்தது ஆகஸ்டு 3. கணவர் இறந்தது 1964 ஆகஸ்டு 5. அவர்கள் மணந்தது 1941 ஆகஸ்டு 8. ஓராண்டு நாட்குறிப்பு எழுதத் துணிந்தவர் தொடங்கிய இடம் அந்த வாரம். பிறந்தநாளில் தொடங்குவது இயல்பு என்று சொல்லிவிடலாம். தேதிகள் எவரும் காணத்தக்க வெளிச்சத்தில் வைக்கப்பட்டுள்ளன. மறைத்தல் எதுவும் இல்லை, விரித்தலும் இல்லை.

கொலையில்லாத் துப்பறியும் கதை

நாட்குறிப்பின் பெரும்பகுதி பொதுவாழ்வுக்குரியது. 'எ செர்ட்டன் ஜஸ்டிஸ்' நாவல் வெளியீட்டையொட்டிய பயணங்கள், கையெழுத்திடும் நிகழ்ச்சிகள், பிரபுக்கள் அவை, தேவாலயம், குழுக்கூட்டங்கள், நண்பர்களுடனான விருந்துகள் என்று பக்கங்கள் நகர்கின்றன. 1991இல் பிரபுப் பட்டமும் 1997இல் எழுத்தாளர் சங்கத் தலைமையும் பெற்ற ஒருவரின் நாள்கள் அவை. இவற்றுள் பல பக்கங்கள் சலிப்பூட்டுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1997 ஆகஸ்டு இறுதியில் இளவரசி டயானா இறந்தபோது எழுந்த பொதுத்துயரை அவர் நோக்கும் பகுதி மட்டும் வேறுபட்டு நிற்கிறது. துயரைத் தெருவில் வைத்து வெளிப்படுத்தும் புதிய இங்கிலாந்து அவருக்கு அயலாகப் படுகிறது. தாமும் கணவரை இழந்த மற்றோர் ஆகஸ்டை அவர் அங்கு ஒப்பிட்டு எழுதியிருந்தால் வாசகர் நெகிழ்ந்திருப்பர். அதை அவர் செய்யவில்லை.

இவற்றையெல்லாம் கடந்தபின் நூலின் இறுதியில் பின்னிணைப்பாக நிற்பது ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலைத் துப்பறியும் கதையாகக் கருதி 1998 ஜூலையில் ஆஸ்டின் சங்கத்தில் ஜேம்ஸ் ஆற்றிய உரை. துப்பறியும் கதைக்குக் கொலை இன்றியமையாதது அன்று. மறைந்திருக்கும் உண்மைகளும், அவற்றை வாசகர் தருக்கத்தால் கண்டறியும்படி நேர்மையாக வைக்கப்பட்ட தடயங்களும் இருந்தால் போதும் என்பது அவர் வாதம். 'எம்மா'வில் மறைந்திருப்பது ஃபிராங்க் சர்ச்சிலும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸும் செய்துகொண்ட திருமண உறுதி. முடிவெட்டிக்கொள்வதற்காக லண்டன் வரை குதிரையேறிச் செல்லும் இளைஞன், அனுப்பியவர் பெயரின்றி வந்திறங்கும் பியானோ, மழையென்றும் பாராமல் கடிதம் வாங்க அஞ்சல் நிலையத்துக்கு நடக்கும் பெண், எழுத்துகளைக் கலைத்துச் சேர்க்கும் விளையாட்டில் தெரிந்தும் தெரியாமலும் வைக்கப்படும் ஒரு சொல் என ஒவ்வொன்றும் வாசகர் கண்முன்னே இருக்கிறது. எம்மா எதையும் காணவில்லை. பெரும்பாலான வாசகர்களும் முதல் வாசிப்பில் காண்பதில்லை.

அத்தடயங்களின் மையத்தில் இருப்பவர் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ். பணமில்லாத, வேலைக்குப் போயே தீரவேண்டிய நிலையில் உள்ள, பேசாத பெண். ஊரே அவளைச் சலிப்பூட்டும் அடக்கமுடையவள் என்கிறது. எம்மா அவளுடைய மௌனத்துக்குத் தன் கற்பனையில் ஒரு காதற்குற்றத்தைப் புனைந்து, அதைப் பிறரிடமும் சொல்லிவிடுகிறாள். நாவலில் உண்மையான தீங்கு மறைத்தவளால் விளையவில்லை. மறைவைத் தவறாகத் துப்பறிந்தவளால் விளைகிறது. எழுபத்தெட்டு வயதை எட்டவிருந்த ஜேம்ஸ், நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் வாசகர் கையில் கொடுத்துச் சென்றது இந்தப் பெண்ணின் கதையை.